காலி மனையில் நின்ற வீடு

ராக்கையாவுக்குப் பயம் உண்டு என்று சொன்னால் கோம்பையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இருபத்தாறு வருடமாகக் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிற ஜீப்புக்காரர். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை அள்ளி ஏற்றிக்கொண்டு, முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குக்கூடத் தெரியாத மூடுபனியில், கொண்டைஊசி வளைவுகளைச் சர்வசாதாரணமாக ஒடித்துக்கொண்டு போவார். ஒருமுறை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், வண்டியை மலைப்பக்கமாக உரசியே நிறுத்தினார். உள்ளே இருந்தவர்கள் அலறி அடித்து இறங்கி ஓடினார்கள். அவரோ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "என்னாத்தா, இதுக்குப் போயி இந்தக் கத்து கத்துறீக?" என்று கேட்டாராம்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தாளைக் கண்டால்தான் ஆகாது. சீல் குத்திய தாள், ரப்பர் ஸ்டாம்பு, காக்கிச் சட்டை, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள் என்று இதில் எது எதிரே வந்தாலும் தொண்டை வறண்டுவிடும். லைசென்ஸ், பேட்ஜ், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் சொருகி வைத்திருப்பார். யார் கேட்டாலும் உறையோடு நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

கேரள எல்லைச் செக்போஸ்டில் தினமும் நடக்கிற கூத்து ஒன்று உண்டு. எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினாலு பேர் இருப்பார்கள். போலீஸ்காரர் டார்ச்சை அடித்து, "எத்ர ஆளுண்டு?" என்று மலையாளத்தில் ஆள்கணக்குக் கேட்பார். "எட்டு, சாரே" என்பார் ராக்கையா. பின்னால் ஆறு பெண்கள் சேலையைப் போர்த்திக்கொண்டு மூட்டை முடிச்சோடு குனிந்து கிடப்பார்கள். போலீஸ்காரர் கையைக் காட்டி விடுகிறவரைக்கும் ராக்கையாவின் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அடுத்த வளைவு தாண்டியதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து கலகலவென்று சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். பயம் என்றால் அவருக்குத் தெரிந்தது அந்த ரெண்டு நிமிடம்தான். பின்னால் வந்த வினை எல்லாம் அங்கேயிருந்துதான் கிளம்பியது.

அவர் மனைவி பவானி, ஏலக்காய் பிரிக்கிற கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். ஒரே மகளைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இந்த இருவரும் ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறார்கள். ஏழு வீட்டுக்காரர்களும் வெவ்வேறு சாதி, வெவ்வேறு குணம். ஆனால் ஒரே ஒரு சட்டம் மட்டும் ஏழு பேருக்கும் பொது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பவானி காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டுவாள். கண்ணாடியை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்து, குனிந்து பொட்டு வைப்பாள். ஏழாவது வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், நாலு மாதத்தில் காலி பண்ணுங்கள் என்றபோது அவள் வாய்விட்டு அழுதேவிட்டாள். "இனி சாமான் தூக்க எனக்குத் தெம்பு இல்லய்யா. ஒரு ஓட்டு வீடாச்சும் பாரு. அதுல என் இஷ்டத்துக்கு ஆணி அடிக்கணும்."

அப்போதுதான் மரிய ஜோசப் வாத்தியாரின் வீடு விலைக்கு வந்தது. சம்சாரம் தவறிய பிறகு தனியாகக் கிடந்தவர், கோயம்புத்தூரில் இருக்கும் மகன் எட்வினோடு போய்விட முடிவெடுத்தார். மூன்று சென்ட் இடம், அதில் கான்கிரீட் போட்ட பழைய வீடு, அறுநூற்று எண்பது சதுர அடி, வெளிப்பக்கம் மாடிப்படி. ஒன்பதரை லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். முன்பணமாக ஒரு லட்சம் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து ஒப்பந்தமும் போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தைப் பவானி எத்தனை தடவை படித்தாளோ, கணக்கே இல்லை. எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கம்பெனியில் பக்கத்தில் இருப்பவளிடம், "அறுநூத்தி எம்பது சதுர அடி, மாடிப்படி தனி" என்று மனப்பாடமாகச் சொல்லுவாள். வீடும் அவள் பேரில்தான் என்று முடிவாயிற்று. "வண்டி ஓட்டுறவன் பேருல வேணாம். நாளைக்கு ஒரு கேசு கீசுன்னு ஆச்சுன்னா வீட்டுல வந்து நிப்பாக" என்றார் ராக்கையா.

கையில் இருந்ததையும், நகை வைத்ததையும், மகள் கொடுத்ததையும் சேர்த்து ஒன்பதரை லட்சத்தைச் சரிக்கட்டியாயிற்று. பத்திரச் செலவுக்கென்று தனியாகப் பதினைந்தாயிரம் எடுத்து வைத்தார். அது ஏன் பதினைந்தாயிரம் என்று கேட்டால், மச்சான் சுருளியாண்டி சொன்னது. "எனக்கு அம்புட்டுத்தான் ஆச்சு மாப்ள. டீச் செலவோட சேத்து." சுருளியாண்டி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வீடு, அவருடைய அப்பா உயிரோடிருக்கும்போதே எழுதிவைத்த வீடு. அப்பன் பிள்ளைக்குக் கொடுத்தால் அரசாங்கம் தொட்டும் தொடாமலும் வாங்கிக்கொள்ளும். ஊரான் ஊரானுக்கு விற்றால் அதற்குக் கணக்கே வேறு. இது மச்சானுக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது.

பத்திரம் எழுதுகிற அருள்செல்வியின் கடையில், மரிய ஜோசப் வாத்தியாரோடு போய் உட்கார்ந்தபோதுதான் இடி விழுந்தது. அருள்செல்வி நிதானமான பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் நாலு. மொத்தம் பதினொண்ணு. பத்து லட்சத்துக்குள்ள, பொம்பளையாளு பேருல வாங்குறதால பதிவுக் கட்டணத்துல ஒண்ணு கொறையும். அப்ப பத்து."

"பத்து ரூவாயா?"

"நூத்துக்குப் பத்து. எடத்துக்கு அரசாங்கக் கைடுலைன் மதிப்புப்படி மூன்றரை லட்சம் வருது. கட்டடத்துக்கு ஆறு. நீங்க பேசுனதும் அதுதான். ஒம்பதரை லட்சத்துக்குத் தொண்ணூத்தஞ்சாயிரம். என் எழுத்துக்கூலி தனி."

ராக்கையாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. எதிரே இருந்த அருள்செல்வியின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. தவறினால் முன்பணம் போகும், வீடும் போகும். அதைப் பவானியிடம் எந்த வாயால் சொல்வது? எட்டாவது வாடகை வீடு பார்ப்பதா?

வெளியே டீக்கடையில் புரோக்கர் கிங்ஸ்லி காத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அண்ணே, இதுக்கா மூஞ்சி தொங்குது? வீட்ட எதுக்கு எழுதுறீக? எடத்த மட்டும் எழுதுங்க. காலி மனை. மூன்றரைக்கு முப்பத்தஞ்சாயிரத்தோட போச்சு. ஊருல பாதிப் பேரு அப்பிடித்தான் பண்ணியிருக்காக."

"வீடு நிக்குதே தம்பி. கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"ஆபீசரு கண்ணுக்கு அங்கன எப்பிடித் தெரியும்? காலி மனைன்னா ஒரு போட்டோ எடுத்து ஒட்டணும், அதுல எடம் எங்கன இருக்குன்னு போனே போடுற எண்ணு விழுகணும். அம்புட்டுத்தான். வீட்டுக்குப் பின்னாடி ஒரு வெத்து எடம் கெடக்குல்ல, அதுல போயி நின்னு எடுங்க. பத்தடி தள்ளி நின்னா போனுக்கு என்ன தெரியப்போகுது?" கிங்ஸ்லி குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குத் தெரியாததாண்ணே? செக்போஸ்ட்டத் தாண்டுற வரைக்குந்தான் பயம்."

அந்த ஒரு வார்த்தையில்தான் ராக்கையா விழுந்தார். பாவி மனுசன், அவனுக்கு எங்கே அடிக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

மரிய ஜோசப் வாத்தியார் முதலில் தயங்கினார். "எம் பேருக்கு ஒண்ணும் வராதுல்ல ராக்கையா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு கோயம்புத்தூர் போகும் அவசரத்தில் சரி என்றுவிட்டார். அருள்செல்வி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்றதத்தான் நான் எழுதுவேன். இருக்கிறத இல்லைன்னு சொன்னா அது உங்க தலையிலதான் விடியும். பின்னாடி வந்து என்கிட்ட அழக் கூடாது." ராக்கையா தரையைப் பார்த்துக்கொண்டு, "எழுதும்மா" என்றார். குறைந்த இருபதாயிரத்தைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டார். பவானிக்கு இதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. தெரிந்தால் அவள் பயந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவள் திட்டுவாள் என்றுதான் பயந்தார்.

மறுநாள் காலையில் போனை எடுத்துக்கொண்டு அந்த வெற்று இடத்தில் போய் நின்றார். முள்ளும் ஆவாரஞ்செடியும் மண்டிக் கிடந்தது, ஓர் ஓரத்தில் உடைந்த மண்பானை. வாத்தியார் வீட்டுச் செவலை நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. கை நடுங்கி, மூன்று படம் மங்கலாகப் போனது. நான்காவது தெளிவாக விழுந்தது. முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்ததால், தோளில் துண்டோடு அவருடைய நிழலும் படத்துக்குள் நீளமாகப் படுத்துக் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பத்திர ஆபீசில் அன்றைக்குச் சரியான கூட்டம். பவானி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இங்கன போடு, அங்கன போடு என்று கிங்ஸ்லி தாளைப் புரட்டப் புரட்ட அவள் கையெழுத்துப் போட்டாள். ஒப்பந்தத்தில் படித்ததுதானே என்று அவளுக்கு நினைப்பு. அவள் கேமராவுக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயம், சார்பதிவாளர் அம்மா சாட்சியாக நின்ற ராக்கையாவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இடம் காலியாத்தானே இருக்கு?"

"ஆமா மேடம்."

"எட்டு, சாரே" என்று சொல்கிற அதே குரல். அந்த அம்மா கையை அசைத்தார். முடிந்தது. ராக்கையா வெளியே வந்து ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த வளைவு தாண்டியதும் சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

பால் காய்ச்சிக் குடிவந்த அன்றைக்கே பவானி சுத்தியலை எடுத்துவிட்டாள். நடு அறைச் சுவரில் ணங்கென்று முதல் ஆணியை இறக்கினாள். ராக்கையா திடுக்கிட்டு வாசலுக்கு ஓடி, தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏய்யா, நம்ம வீடுய்யா இது!"

செக்போஸ்ட் பயம் ரெண்டு நிமிடம். இந்தப் பயம் காலையில் அவரோடு எழுந்து, ராத்திரி அவரோடு படுத்தது. டீக்கடையில் எவனோ பேப்பரை உரக்கப் படித்தான்: கட்டடத்தை மறைத்துப் பதிவு செய்தவர்களைக் கண்டுபிடிக்க ஆய்வு, விட்டுப்போன தீர்வையோடு அபராதமும் வசூல். ராக்கையா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். தெருவில் ஃபைலோடு ஒரு ஆள் நடந்தால் போதும், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகும்வரை கொல்லைப்புறத்தில் நிற்பார். ஜீப்பைக்கூட அடுத்த தெருவில் நிறுத்த ஆரம்பித்தார்.

பவானி வெள்ளையடிக்கலாம் என்றாள். "இப்ப எதுக்கு? மழ வரட்டும்" என்றார். புதுப் பெயிண்ட் அடித்தால் வீடு பளிச்சென்று தெரியுமே. வாசலில் பேர் எழுதிய கல் பதிக்கலாம் என்றாள். "ஊருக்குத் தம்பட்டம் அடிக்கணுமாக்கும்" என்று எரிந்து விழுந்தார். அவள் பேரூராட்சிக்குப் போய், வீட்டு வரியை என் பேருக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறாள். பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"பத்திரம் எங்கய்யா?"

"எழுதுற பொண்ணுகிட்ட இருக்கு. இன்னும் வரல."

பத்திரம் ஜீப்பில், சீட்டுக்கு அடியில், நீல உறைக்குள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதன்மேல்தான் அவர் உட்கார்ந்து மலை ஏறினார்.

போகப் போக அவருக்கு வேறு வேறு பயம் முளைத்தது. வாத்தியார் மனசு மாறி, இல்லை, அவர் காலத்துக்குப் பிறகு அந்த எட்வின் வந்து நின்று, "அப்பா உங்களுக்கு வித்தது மனைதான், வீட்ட எங்க வித்தாரு? பத்திரத்தக் காட்டுங்க" என்று கேட்டால் எதைக் காட்டுவது? வீட்டு வரி ரசீது இன்னும் வாத்தியார் பேரில்தான். கரண்ட் பில்லும் அவர் பேரில்தான். வங்கியில் போய்க் கடன் கேட்டாலும், காலி மனைக்கு என்ன உண்டோ அதைத்தான் கொடுப்பான். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, ஒரு வளைவில் கியரைத் தப்பாகப் போட்டு வண்டி பின்னால் உருண்டது. உள்ளே இருந்த சங்கிலியம்மாள் என்ற பெரியம்மா, "ஏலே ராக்கையா, ஒனக்கு என்னமோ ஆயிருச்சுடா. கோயிலுக்குப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்றாள். கட்டினார். கயிறு கையில் இருந்தது, பயமும் கூடவே இருந்தது.

அறுபதாயிரம் மிச்சம் பண்ணினாரே, அந்தப் பணமாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. கையில் இல்லாத பணத்தில் எதை மிச்சம் பிடிப்பது?

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்ட வேலை இல்லாததால் ராக்கையா வீட்டில் இருந்தார். பவானி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பெண், கழுத்தில் அட்டை தொங்க, தோளில் பையும் கையில் போனுமாக நின்று, அவர் வீட்டுக் கதவோரச் சுவரில் மார்க்கரால் ஏதோ எண் எழுதிக்கொண்டிருந்தாள்.

வந்துவிட்டார்கள். சுவரில் குறி போட்டுவிட்டார்கள். இடிக்கத்தான் குறி போடுவார்கள். ஓடலாம் என்றால் பின்பக்கம் பவானி இருக்கிறாள்.

"ஐயா, வணக்கம். வீட்டப் பத்திக் கொஞ்சம் விவரம் வேணும்" என்றாள் அந்தப் பெண்.

தலையை ஆட்டினார்.

"தரை சிமெண்டா, டைல்ஸா?"

"சிமெண்டு."

"கூரை கான்கிரீட்டா?"

"ஆமா."

"எத்தனை ரூம்?"

"ரெண்டு." தன் வாயாலேயே தன் வீட்டைச் செங்கல் செங்கலாக எடுத்துக் கொடுப்பதாக அவருக்குத் தோன்றியது. இன்னும் எத்தனை கேள்வியோ, எந்தக் கேள்வியில் மாட்டுவோமோ?

அந்தப் பெண் போனில் எதையோ தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சொந்த வீடா, வாடகையா?"

"வாடகை" என்றார் ராக்கையா. யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது. சொன்னதோடு நின்றாரா? கேட்காமலே, "மரிய ஜோசப் வாத்தியாரு வீடு. அவுக கோயம்புத்தூருல இருக்காக. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றும் சேர்த்தார்.

பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால், ஈரக் கையோடு நிலைப்படியில் பவானி நிற்கிறாள். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"ஆத்தா, நீ யாரு?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள் பவானி.

"அனிதா மேரி, ஸ்கூல் டீச்சர்ம்மா. மக்கள்தொகைக் கணக்குக்கு முன்னாடி வீடு கணக்கெடுக்கச் சொல்லியிருக்காக. வரி கிரின்னு ஒண்ணும் இல்ல, வீடு வீடா எண்ணு போட்டு எழுதிக்கிட்டு வர்றோம்."

"சரி ஆத்தா. சொந்த வீடுன்னு எழுது. எம் பேரு பவானி."

டீச்சர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெயிலில் இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. "சொந்த வீடு" என்று தட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள்.

பவானி முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "வாடகைன்னியே. யாருக்குய்யா குடுக்குற வாடகை?"

ராக்கையா அடுத்த தெருவுக்குப் போனார், ஜீப்பின் சீட்டைத் தூக்கினார், நீல உறையை எடுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார். அவள் சுவரோரம் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டினாள். பக்கம் திருப்பினாள், மறுபடி பழைய பக்கத்துக்கு வந்தாள்.

"'காலி மனை'ன்னு போட்டிருக்கு. 'கட்டடம் ஏதும் இல்லை'ன்னு போட்டிருக்கு." கடைசித் தாளில் அந்தப் போட்டோ. முள்ளு, ஆவாரஞ்செடி, உடைந்த பானை. "இது பின்னாடி உள்ள எடம்ல? இந்தா, துண்டோட கெடக்கிறது ஒன் நெழலுல்ல?" அவள் தலையைத் தூக்கி, அவள் அடித்த ஆணியையும், அதில் தொங்கிய கண்ணாடியையும் பார்த்தாள். "நம்ம வீடு எங்கய்யா?"

ராக்கையா அழுதார். மலையில் பிரேக் போனபோது அழாத மனிதர், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். எல்லாவற்றையும் சொன்னார், மச்சான் சொன்ன பதினைந்தாயிரம், அருள்செல்வி சொன்ன தொண்ணூற்றைந்து, கிங்ஸ்லி, செக்போஸ்ட், எல்லாம். "ஒன்ன மறுபடி சாமான் தூக்க வைக்கக் கூடாதுன்னுதான் புள்ள..."

பவானி திட்டினாள். இதுவரை திட்டாத திட்டெல்லாம் திட்டினாள். "வீடு கெடைக்காமப் போனாக்கூட எட்டாவது வீட்டுக்குச் சாமானத் தூக்கியிருப்பேன்யா. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? எதுல கையெழுத்துப் போடுறேன்னே தெரியாம, பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டுப் போயிப் போட்டிருக்கேனே!" திட்டி முடித்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "செயில்ல போடுவாகளா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியல."

"வீட்டப் புடுங்கிருவாகளா?"

"தெரியல புள்ள."

பவானி அவரிடமிருந்து போனை வாங்கி, கோயம்புத்தூருக்கு அவளே பேசினாள். மரிய ஜோசப் வாத்தியார் அந்தப் பக்கம் முழுதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எனக்கும் அன்னைலருந்து மனசு சரியில்லம்மா. திருத்திப் போடணும்னா சொல்லு, வந்து கையெழுத்துப் போடுறேன்" என்றார். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப என்று இருவரும் சேர்த்து வைத்திருந்த பணம் கொஞ்சம் இருந்தது. மீதிக்கு ஜீப்பை விற்க வேண்டி வருமோ என்று ராக்கையா கேட்டார். வந்தால் விற்போம் என்றாள்.

திங்கட்கிழமை அவர் மலைக்குப் போகவில்லை. இருவரும் பத்திர ஆபீஸ் பெஞ்சில் காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தார்கள். ராக்கையா ரெண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மூன்றாவது தடவை பவானி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையும் சில்லிட்டுத்தான் இருந்தது.

கூப்பிட்டார்கள். அதே சார்பதிவாளர் அம்மா, அதே கண்ணாடி. ராக்கையா நீல உறையை மேஜையில் வைத்தார். "என்ன விஷயம்?" என்று அந்த அம்மா ரெண்டாவது முறை கேட்டார்.

"மேடம்... நீங்க அன்னைக்கிக் கேட்டீக. காலியாத்தானே இருக்குன்னு." பத்திரத்தை உருவி நீட்டினார். "இல்ல மேடம். வீடு இருக்கு."

அந்த அம்மா பத்திரத்தைப் புரட்டினார், போட்டோவைப் பார்த்தார், ராக்கையாவைப் பார்த்தார். முகத்தில் கோபமா, சலிப்பா என்று ஒன்றும் பிடிபடவில்லை. "இதுக்கு மனு எழுதிக் குடுக்கணும். வித்தவரும் வரணும். நாங்க நேர்ல வந்து அளந்து பார்ப்போம். விட்டுப்போன தீர்வை கட்டணும், அதுக்கு மேல அபராதமும் வரும். எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "கட்டடம் எத்தனை சதுர அடி?"

ராக்கையா வாயைத் திறக்குமுன் பவானி மேஜைப் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"அறுநூத்தி எம்பது, மேடம். மாடிப்படி தனி. படிக்குக் கீழ ஒரு கக்கூஸ் இருக்கு, அதையும் எழுதிக்கோங்க. எதையும் விட்றாதீக."